நாடிழந்த பொறியியலாளர்

ஆலையில் மின்மோட்டரின் ஆளியைத் தட்டியவுடன் விளக்குகள் ஒரு கணம் மங்கிப் பின் ஒளிர்வதை நாம் கண்டிருப்போம். அந்த ஒரு கணத்தின் சிக்கலோடு போராடியவர்களுள் முதன்மையானவர் மிக்காயில் டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி.

1862 ஆம் ஆண்டு ருஷ்யாவின் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள கச்சினாவிற் பிறந்த இவர், றீகா தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றார். 1881 இல் சார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டதைத் தொடர்ந்து மாணவர்மீது அடக்குமுறை பாய்ந்தது. அரசியல் ஈடுபாடு காரணமாகக் கல்லூரியினின்றும் நீக்கப்பட்ட இவருக்குத் தாய்நாட்டின் உயர்கல்விக் கதவுகள் அடைபட்டன. ஜேர்மனியின் டார்ம்ஸ்ராட் நகரே அடைக்கலம் தந்தது. அங்கு எரஸ்முஸ் கிற்லரிடம் மின்பொறியியல் கற்று, 1887 இல் பேர்லினிலுள்ள ஏ. இ. ஜி. நிறுவனத்திற் சேர்ந்தார்.

1889 இல், மூவவத்தை ஆடலோட்டத்தால் இயங்கும் கூண்டுச் சுழலி மோட்டரை அமைத்தார். இரும்பு உருளையிற் செப்புக் கோல்களைப் பதித்து, அவற்றின் முனைகளை வளையங்களால் இணைத்தார். தேயும் தூரிகையுமில்லை; தீப்பொறியுமில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. நின்ற நிலையிலுள்ள சுழலியைக் காந்தப்புலம் முழு வேகத்தோடு வெட்டிச் செல்லும். அதனால் முழுச்சுமை ஓட்டத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் பாயும். சுமை பெரிதாயினும் சிறிதாயினும் முதற்கணத்து ஓட்டம் ஒன்றே. ஆனாற் சுமை மிகுந்தால் வேகம் பெறத் தாமதமாகும்; அவ்வளவு நேரமும் சுருள்கள் வெப்பமுறும்.

இதற்குப் பரிகாரமாகச் சுழலியிலே சுருள்களைச் சுற்றி, வழுக்கு வளையங்களின் வழியே வெளித்தடைகளை இணைத்தார். தடை, தொடக்க ஓட்டத்தைக் குறைத்தது, திருப்புவிசையையோ பெருக்கிற்று. வேகம் ஏறஏறத் தடை படிப்படியாக நீக்கப்பட்டது. பெருஞ்சுமையைத் தூக்கும் பொறிகளுக்கு இம்முறை உகந்ததாயிற்று.

1891 இல் நெக்கார் நதிக்கரையிலுள்ள லவ்பனில் நீர்வலுவாற் பெற்ற மின்சாரம், 175 கிலோமீற்றர் கடந்து பிராங்போர்ட் பொருட்காட்சியை அடைந்தது. முக்காற்பங்கு வலு சேதமின்றி வந்து சேர்ந்தது. விளக்குகள் ஒளிர்ந்தன, அவரது 100 பரிவலு மோட்டர் நீரை மேலேற்ற, செயற்கை அருவி வீழ்ந்தது. மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்லலாகுமோ என்று ஐயுற்றோர் வாயடைத்தனர்.

1919 இல் ஹைடல்பேர்க் நகரில் அவர் காலமானார். அவர் அமைத்த கூண்டுச் சுழலியே இன்றும் உலகத் தொழிற்சாலைகளிற் பெரிதும் வழங்குகின்றது. ஒரு நாடு வெளியேற்றிய மாணவன் உலகனைத்துக்கும் அளித்த கொடை அது.