காலில் தங்கிய குண்டுகள்

நம் தோட்டத்து வீடுகள் சிலவற்றில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். பாட்டனார் கப்பலேறி வந்தபோது கொணர்ந்த பித்தளைச் செம்போ, பாட்டியாரின் சுருக்குப் பையோ அதனுள் கிடக்கும். விற்றால் காசு தேறாது. ஆயினும் எவரும் அதனை எறிவதில்லை.

போர்வீரர்களுக்கும் இவ்வழக்கம் உண்டு. முதல் உலகப் போரில், 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஜெர்மனியின் புகழ்பெற்ற வானவீரர் ரிக்தோபன் வீழ்த்தப்பட்டார். அருகிலிருந்த சிப்பாய்கள் ஓடிச்சென்று அவருடைய சிவப்பு விமானத்தின் துணியைக் கிழித்துப் பங்கிட்டுக்கொண்டனர். அத்துண்டுகளுட் சில இன்றும் அரும்பொருளகங்களில் உள்ளன. ரிக்தோபனும் தாம் வீழ்த்திய விமானங்களின் எண் பொறித்த துணிகளை வெட்டிக் கொணர்ந்து சுவரில் மாட்டி வைத்தவரே.

அதே போரில் பறந்த இந்தியர் ஒருவரிடமும் ஒரு நினைவுப்பொருள் இருந்தது. அதனை அவர் தேடிச் செல்லவில்லை. அதுவே அவரைத் தேடி வந்தது.

சர்தார் ஹர்தித் சிங் மாலிக் 1894ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ராவல்பிண்டியில் செல்வமிக்க சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். 14ஆம் வயதில் கல்வி கற்க இங்கிலாந்து சென்றார். பின்னர் ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியில் பயின்றார். சசெக்ஸ் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார். கோல்ப் ஆட்டத்திலும் வல்லவர்.

1914இல் போர் மூண்டது. உடன் பயின்ற ஆங்கில இளைஞர்கள் அதிகாரிகளாகப் படையிற் சேர்ந்தனர். மாலிக்கும் சேர விரும்பினார். இந்தியர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே பந்தை ஆடியவர்களுள் ஒருவருக்கு மட்டும் கதவு அடைக்கப்பட்டது. அவர் முடங்கவில்லை. பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். பிறகு பிரெஞ்சு வானப்படை அவரை ஏற்க முன்வந்தது. செய்தியறிந்த கல்லூரி ஆசிரியர் அர்க்கர்ட், பிரெஞ்சுக்காரர் ஏற்கும் ஒருவரை ஆங்கிலேயர் மறுப்பது தகுமா என்று தளபதி ஹெண்டர்சனுக்கு எழுதினார். 1917 ஏப்ரலில் மாலிக் பிரிட்டிஷ் வானப்படையில் அதிகாரியானார்.

அங்கே மற்றொரு சிக்கல் எழுந்தது. விமானி தலைக்கவசம் அணிய வேண்டும்; சீக்கியர் தலைப்பாகையைக் களையார். மாலிக் தலைப்பாகையின்மேல் பொருந்துமாறு பெரியதொரு கவசம் செய்வித்துக்கொண்டார். அத்தோற்றத்தைக் கண்ட தோழர்கள் அவருக்குப் பறக்கும் குட்டிச்சாத்தான் என்று பட்டப்பெயர் சூட்டினர். அவர் சினந்ததாகத் தெரியவில்லை. தலைப்பாகை தலையிலேயே இருந்தது.

1917 அக்டோபர் 26ஆம் நாளுக்கு வருவோம். நம் கேமரன் மலையில் மூடுபனி இறங்கினால் எதிர்ச்சரிவின் தேயிலைச் செடிகள் மறைந்துபோவதை நீங்கள் அறிவீர்கள். பெல்ஜியத்தின் வானமும் அன்று அவ்வாறே தாழ்ந்த மேகமும் மழையுமாய் இருந்தது. கனடா நாட்டு வீரர் பார்க்கர் முன்செல்ல, மாலிக் தமது சோப்வித் கேமல் விமானத்தில் பறந்தார். அது ஒருவரே அமரும் விமானம்; மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. தப்பிக் குதிக்கப் பாராசூட் கிடையாது. அக்காலப் பிரிட்டிஷ் போர்விமானிகளுக்கு அது வழங்கப்படவில்லை.

பகைவர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. சுடப்பட்ட குண்டுகள் பெட்ரோல் தொட்டியைத் துளைத்துக்கொண்டு மாலிக்கின் வலக்காலில் பாய்ந்தன. தொட்டி தீப்பற்றாதது பெரும் வியப்பே! தொட்டியைத் துளைத்ததில் குண்டுகளின் வேகமும் தணிந்திருக்க வேண்டும். குருதி வழிய, தரையை ஒட்டித் தாழப் பறந்து, தம் படையினர் நின்ற எல்லையைக் கடந்தார். அங்கே விமானம் சேற்று நிலத்தில் மோதி நின்றது, அவர் நினைவிழந்தார். பின்னர் எண்ணிப் பார்த்தபோது விமானத்தில் 400க்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள் இருந்தன. அத்தனையிலும் உயிர்நிலையில் ஒன்றும் படவில்லை.

பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். இரு குண்டுகள் காலிலேயே தங்கிவிட்டன. காலில் தைத்த முள்ளை நாம் ஓரிரவு பொறுக்கமாட்டோம்! அவரோ நலம் பெற்றதும் மீண்டும் வானேறினார். அப்போரில் அவரைப் போல் போர்விமானிகளாய்ப் பறந்த இந்தியர் மிகச் சிலரே. அவர்களுள் இந்திரலால் ராய் பத்து வெற்றிகள் பெற்று, 1918 ஜூலை 22இல் 19 வயதில் வீழ்ந்தார். வெலிங்கரும் அவ்வாண்டே மாண்டார்.

போருக்குப்பின் மாலிக் இந்திய ஆட்சிப் பணியிற் சேர்ந்தார்; பாட்டியாலா அரசின் திவானாகவும் இருந்தார். 1947இல் விடுதலை பெற்ற இந்தியா அவரைக் கனடாவுக்குத் தன் முதல் தூதராக அனுப்பியது. 1949 முதல் பாரிசில் தூதராய் இருந்தார். தமிழ் மண்ணாகிய புதுச்சேரியும் காரைக்காலும் 1954இல் போரின்றிப் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறியது அவருடைய பதவிக் காலத்தில்தான்.

ஓய்வு பெற்றபின்னும், குண்டுகள் தங்கிய காலோடு, கோல்ப் ஆடி வந்தார். 1985ஆம் ஆண்டு, தமது 90ஆம் வயதில் காலமானார். 68 ஆண்டுகள் உடலிற் சுமந்த அவ்விரு குண்டுகளும் அவரோடே போயின.