தாதா அப்துல்லா கம்பெனியின் வக்கீல்

ரவாங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கொடுக்கல் வாங்கல் செய்துவரும் நம்மவர்களுக்கு வழக்கு என்பது புதிதல்ல. பாக்கி வசூலாகாவிட்டாலும், கூட்டு வியாபாரம் முறிந்தாலும், கடை வாடகையில் தகராறு வந்தாலும், காகிதங்களைக் கட்டோடு கோலாலம்பூர் வக்கீலிடம் ஒப்படைத்துவிடுகிறோம். ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்ததா? மகாத்மா காந்தியடிகளின் வாலிப வாழ்க்கை இதற்கு நல்ல விடை தருகிறது. அவரை உண்மையான வக்கீலாக உருவாக்கியது ஒரு முஸ்லிம் வியாபாரக் கம்பெனியே என்பதை நம்மில் பலர் அறியார்.

1869 அக்டோபர் 2-இல் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், 1891-இல் லண்டனில் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார். பம்பாயில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றவருக்கு நா எழவில்லை. வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, 30 ரூபாய்க் கட்டணத்தை விட்டு வெளியேறினார்.

அந்த நிலையில்தான் போர்பந்தர் மேமன்களான தாதா அப்துல்லா கம்பெனியாரின் அழைப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் பெருவணிகம் நடத்திய அவர்கள், பிரிட்டோரியாவிலிருந்த தையப் சேட் மீது 40,000 பவுனுக்கு வழக்குத் தொடுத்திருந்தனர். ஓராண்டு வேலை, போகவர முதல் வகுப்புப் பிரயாணம், தங்கும் செலவு, 105 பவுன் சம்பளம். 1893 மே மாதம் அவர் டர்பனில் இறங்கினார்.

கோர்ட்டில் வாதாடப் பெரிய வக்கீல்கள் முன்பே அமர்த்தப்பட்டிருந்தனர். காந்தியடிகளின் வேலை வேறு. கம்பெனியின் கடிதங்கள் குஜராத்தியில் இருந்தன. பிரிட்டோரியா அட்டர்னி பேக்கருக்கு அம்மொழி தெரியாது. முதலாளிக்கும் வக்கீலுக்கும் நடுவே நின்று விவரத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வந்தவருக்கோ புரோநோட்டு என்றால் என்னவென்றே தெரியாது! அவர் வெட்கப்படவில்லை. கணக்கியல் புத்தகம் வாங்கிப் படித்தார், பேரேடுகளைப் புரட்டினார், கம்பெனிக் கணக்கர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிரிட்டோரியா போகும் வழியில், மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் அவர் இறக்கிவிடப்பட்டது உலகறிந்த சம்பவம். அப்போதும் அப்துல்லா சேட்தான் தந்தியடித்து, அவ்வூர் வியாபாரிகளை அவருக்குத் துணையாக அனுப்பினார்.

கணக்கை ஆராய ஆராய, நியாயம் தம் கம்பெனியின் பக்கமே என்பது அவருக்குத் தெளிவாயிற்று. மற்றொன்றும் தெளிவாயிற்று. இரு கட்சிக்காரரும் ஒரே ஊரார், உறவினர். வழக்கு நீண்டால் வக்கீல் செலவே இருவரையும் விழுங்கிவிடும். ஆகவே இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்கே கிடைத்தது: 37,000 பவுனும் செலவும்.

அத்தொகையை உடனே கேட்டால் தையப் சேட் திவாலாகியிருப்பார். போர்பந்தர் மேமன்களுக்குத் திவால் என்பது மரணத்தினும் கொடியது. வென்ற முதலாளியிடம் காந்தியடிகள் மன்றாடி, நீண்ட காலத் தவணைக்குச் சம்மதம் வாங்கினார். இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைப்பதைவிட அதுவே கடினமாக இருந்தது. முடிவில் இருவர் கடையும் நிலைத்தன, மானமும் நிலைத்தது.

1894-இல் அவர் ஊர் திரும்ப ஆயத்தமானபோது, இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டாலில் வந்தது. அவர் தங்கவேண்டுமென வியாபாரிகள் வேண்டினர். பொதுத்தொண்டுக்கு ஊதியம் பெற அவர் மறுத்துவிட்டார். ஆகவே ஏறத்தாழ 20 வியாபாரிகள் தத்தம் கம்பெனி வழக்குகளை ஓராண்டுக்கு அவரிடம் ஒப்படைத்து, முன்பணம் தந்தனர். அவ்வருவாயில் வாழ்ந்துகொண்டே நேட்டால் இந்தியக் காங்கிரஸை நிறுவினார். முதலாளியிடம் அடிபட்டுப் பல்லுடைந்து வந்த தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரத்துக்கு விடுதலை தேடித் தந்ததும் அக்காலத்தில்தான். தோட்டத் தமிழரிடையே வாழும் நாம் இதை மறக்கலாகாது. பின்னாளில் வக்கீல் தொழிலையே துறந்த அவர், 1914-இல் தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்கினார். 1948 ஜனவரி 30-இல் டில்லியில் சுடப்பட்டு உயிர் நீத்தார்.

வணிகச் சகோதரர்களே! வெளி வக்கீலை அமர்த்துவது தவறன்று. சட்டம் கற்றவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் நம் பேரேட்டை அறிந்தவர் நம்மிடம் ஒருவர் இருக்கட்டும். வழக்கின் விவரத்தை அவர் வக்கீலுக்கு எடுத்துச் சொல்லட்டும். செலவையும் அவ்வப்போது கேட்டறியட்டும். எதிராளி நம் ஊராராயின், கோர்ட்டுப் படி ஏறுமுன் மத்தியஸ்தர் வீட்டுப் படியையும் ஒருமுறை மிதித்துப் பார்ப்போம்.