ஓடும் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டவர்



போன லீவில் நான் செய்த ஒரு தப்பில் இருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பம். எங்க சித்தப்பா வேன் ஓட்டுகிறார். ஒருநாள் சவாரி முடிந்து வந்ததும் வீட்டுக்கு முன்னால் சரிவில் வண்டியை நிறுத்தி, என்னை ஆயில் பார்க்கச் சொன்னார். நான் உடனே டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் ஆயில் இருந்தது. நான் சொன்னதை நம்பி சித்தப்பா ஒரு லிட்டர் ஊற்றிவிட்டார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தால் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது!

மெக்கானிக் அண்ணன் திட்டவில்லை, விளக்கினார். ஓடி நின்ற எஞ்சினில் ஆயில் மேலே எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். அது அடியில் உள்ள தொட்டிக்கு இறங்கிவரக் கொஞ்ச நேரம் ஆகும். சரிவில் நின்றால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்து, குச்சியைத் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுத்தால்தான் சரியான அளவு தெரியும். கூடினாலும் கெடுதல்தான். கிராங்க் ஷாஃப்ட் அடித்து ஆயிலை நுரையாக்கிவிடும், நுரை எஞ்சினைக் காக்காது. அதிகமான ஆயிலை வடித்துக் கீழே விட்டபோது எனக்கு முகமே இல்லை.

எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். எலைஜா மெக்காய் பற்றிப் படி என்று அனுப்பிவிட்டார். படித்ததை எழுதுகிறேன்.

மெக்காய் 1844-இல் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள். உடன்பிறந்தவர்கள் நிறையப் பேர். அப்படி இருந்தும் பதினைந்து வயதுப் பையனைக் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பி, இயந்திரப் பொறியியல் படிக்க வைத்தார்கள். நினைத்துப் பாருங்கள்!

பொறியாளராகத் திரும்பி வந்தவருக்கு அமெரிக்காவில் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. காரணம் தோல் நிறம். மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கரி அள்ளிப் போடுவதும் எண்ணெய் விடுவதும்தான் கிடைத்தது. அந்தக் காலத்து ரயிலை அடிக்கடி நிறுத்தி, ஆள் இறங்கிப் போய் ஒவ்வொரு இடமாக எண்ணெய் ஊற்ற வேணும். எண்ணெய் குறைந்தால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறித் தேயும். நேரமும் வீண்.

தினமும் கையில் எண்ணெய்க் கேனோடு இறங்கி ஏறியவருக்குத்தான் இதற்கு வழி தோன்றியது. யிப்சிலாண்டி ஊரில் தன் வீட்டுப் பட்டறையிலேயே ஒரு எண்ணெய்க் கிண்ணம் செய்தார். எஞ்சினில் உள்ள நீராவியின் அழுத்தமே வால்வைத் தள்ளித் திறக்கும், எண்ணெய் தானாக இறங்கும். ரயிலை நிறுத்தவே வேண்டாம்! 1872-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். என்னை ஒதுக்கிவிட்டார்களே என்று அந்த வேலையை வெறுத்து விட்டிருந்தால் இது வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. ஆயுள் முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வாங்கினார். பெரும்பாலானவை எண்ணெய் விடும் கருவிகள்தான். மடித்து வைக்கிற இஸ்திரிப் பலகையும் அதில் உண்டு. அதிகச் சூட்டில் ஓடும் புதிய எஞ்சின்களுக்குக் கிராஃபைட் பொடி கலந்த எண்ணெயை விடும் கருவியை 1915-இல் செய்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் கையில் காசு இல்லாததால் பல கண்டுபிடிப்புகளின் உரிமையை மற்றவர்களுக்கு விற்க வேண்டி வந்தது. அதனால் பல கருவிகளில் அவர் பெயரே இல்லை. தன் பெயரில் கம்பெனி ஆரம்பித்தது 1920-இல்தான்.

அசல் பொருளை ஆங்கிலத்தில் ரியல் மெக்காய் என்பார்கள். அது இவரால் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அதே மாதிரி ஒரு சொல் ஸ்காட்லாந்தில் 1856-லேயே அச்சாகியிருக்கிறது. அதனால் நான் அதைச் சேர்க்க மாட்டேன். அவருக்கு அது தேவையும் இல்லை.

1922-இல் ஒரு கார் விபத்தில் அவரும் மனைவி மேரியும் அடிபட்டார்கள். மேரி இறந்துவிட்டார். மெக்காய் பிறகு நலிந்து, 1929 அக்டோபரில் ஒரு ஆதரவற்றோர் மருத்துவ இல்லத்தில் காலமானார்.

2012-இல் டெட்ராய்ட் நகரில் திறந்த அமெரிக்கக் காப்புரிமை அலுவலகக் கிளைக்கு எலைஜா மெக்காய் பெயரைத்தான் வைத்தார்கள்.