கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட்: தொழுநோயில் விரல்கள் ஏன் போகின்றன?

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி உதிர்ந்துவிடும். இப்படித்தான் நம்மில் பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அது தப்பு என்று காட்டியவர் நம்ம நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரர். பெயர் பால் பிராண்ட்.

1914 ஜூலை 17-ல் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் இருவரும் மிஷனரிகள். மலைமக்களுக்கு வைத்தியமும் பார்ப்பார்கள். யார் எந்தப் புண்ணோடு வந்தாலும் தயங்காத அப்பா, ஒரு நாள் தொழுநோயாளிகள் வந்தபோது மட்டும் கையுறை மாட்டிக்கொண்டார். அவர்கள் தொட்ட கூடையை எரித்தார். கிட்டேகூடப் போகாத பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். இந்தப் பயம் சிறுவன் பாலின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து. 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பால் முதலில் கற்றது மருத்துவம் அல்ல, தச்சு வேலையும் கொத்து வேலையும். அப்புறம்தான் மருத்துவம். 1946-ல் வேலூர் சிஎம்சி-க்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, தோல் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். எங்கு பார்த்தாலும் மடங்கிப்போன கைகள். இதற்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிராண்ட் கேட்டார். யாருமே கவனித்ததில்லை என்று பதில் வந்தது. ஒரு இளைஞரின் கையைப் பிடித்து, அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்தவருக்கு வலியில் உயிரே போயிற்று. அவ்வளவு பலமான பிடி! அப்படியானால் தசைகள் எல்லாம் சாகவில்லையே?

விஷயம் இதுதான். தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ச்சியான பகுதிகள்தான் வசதி. முழங்கை போல, தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நரம்புகளை அது தாக்கும். அந்த நரம்பை நம்பியிருக்கும் உள்ளங்கைத் தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கும். மற்ற தசைகள் நன்றாகவே இருக்கும். நல்ல தசையின் தசைநாரை எடுத்துச் செயலிழந்த இடத்தில் இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார் பிராண்ட்.

சரி, விரல்கள் குட்டையாகிப் போவது ஏன்? இதற்கு விடை கொடுத்தது ஒரு பூட்டு. துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணற, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருகிவிட்டான். பார்த்தால் தரையில் ரத்தம். விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப்பிடி, கடிக்கும் செருப்பு. ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போன விரல்கள்தான் புரியாத புதிராக இருந்தன. விழித்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. படுத்திருப்பவருக்கு உணர்வில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளி கையில் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான வைத்தியம் அபூர்வம்தான்.

கை சரியானவர்களில் சிலர் புகாரோடு திரும்பி வந்தார்கள். விரல் நிமிர்ந்ததும் பிச்சை குறைந்துவிட்டது. தழும்பைப் பார்த்து வேலை தருபவரும் இல்லை, வாடகைக்கு வீடு தருபவரும் இல்லை. கையைச் சரிசெய்தது, வயிற்றில் அடித்ததாக முடிந்தது. பிராண்டின் பழைய தச்சு வேலை இங்கேதான் கைகொடுத்தது. மண் குடிசைகளோடு ஒரு மையம் தொடங்கி, நோயாளிகளுக்கு மர பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்.

பயம் அவரையும் விடவில்லை. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு ராத்திரி, நீண்ட பயணம் முடித்து காலுறையைக் கழற்றியவருக்குக் குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது, குழந்தைகளைப் பிரிய வேண்டியதுதான் என்று விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார்; வலியில் கத்தினார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் கால் மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நோயை அத்தனை தெரிந்த மனிதருக்கே அந்த ராத்திரி அப்படிக் கழிந்தது என்றால், சாதாரண ஜனங்களை என்ன சொல்வது?

1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இதே உணர்விழப்புதான் காரணம் என்று அங்கே வலியுறுத்தினார். 2003-ல் இறந்தார். அம்மா ஈவ்லின் மட்டும் கடைசிவரை மலையை விடவில்லை. 1974-ல் இறந்து அங்கேயே அடக்கமானார்.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இருக்கிறது. 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை, அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பெரும்பாலானோரின் உடலே இந்தக் கிருமியை எதிர்த்துவிடும். ஆனாலும் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019 வரை நம் நாட்டுச் சட்டத்தில் இருந்தது.

உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த படை இருக்கிறதா? அதில் தொட்டால் உணர்வு குறைவாக இருக்கிறதா? நரம்பு பாதிப்பதற்கு முன்பே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.