'பறையன்' இதழ் கண்ட பெருந்தகை இரட்டைமலை சீனிவாசனார்

ஒரு சமுதாயத்தின் துயரத்தைப் பிறர் இரங்கி எடுத்துரைப்பது ஒன்று. அச்சமுதாயமே தன் வாயால் எடுத்துரைப்பது மற்றொன்று. முன்னதால் சில நன்மைகள் விளையலாம். ஆயினும் தன்மானம் பிறப்பது பின்னதால்தான். இவ்வுண்மையை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, கையில் பெரும்பொருள் இல்லாத நிலையிலும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி நடத்தியவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெரியாரின் வாழ்வை நம் இளைஞர்க்கு எடுத்துக் கூறுவது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

இளமையும் கல்வியும்

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860-ஆம் ஆண்டு சீனிவாசனார் பிறந்தார். கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்தனர். அவருள் மிகச் சிலரைத் தவிர ஏனையோர் பிராமணர். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் அச்சிறுவனை நாள்தோறும் வாட்டியது. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பள்ளி விட்டதும் பிற மாணவர் தம்மை அணுகி ஊர், பேர் வினவாத வண்ணம் விரைந்து வீடு சேர்வார். உடன் பயில்வோரோடு விளையாட விருப்பமிருந்தும் விளையாட இயலாத அத்துயரை, முதுமையில் தாம் எழுதிய வரலாற்றில் அவரே குறித்துள்ளார்.

இளைஞர்கள் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னாளில் தம் சாதிப் பெயரையே பத்திரிகையின் முகப்பில் பெரிய எழுத்தில் பொறித்தவர், இளமையில் அப்பெயருக்கு அஞ்சி ஓடிய பிள்ளைதான்.

கல்விக்குப் பின் நீலகிரியில் கணக்கர் பணியில் சில ஆண்டுகள் இருந்தார். 1890-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் அவர் பிறந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் வறுமையையும், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத அவல நிலையையும் விரிவாக ஆராய்ந்து 1891-ஆம் ஆண்டில் அரசுக்கு அறிக்கை எழுதினார். தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணை அதன் பயனாக 1892-இல் பிறந்தது. அந்நன்மையை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் அறிக்கை எழுதியவர் மாவட்டத் தலைவர், படித்தவர்கள் அதிகாரிகள். எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களின் குரல் அங்கே நேராக ஒலிக்கவில்லை. அக்குறையைப் போக்கவே சீனிவாசனார் முனைந்தார்.

இதழ்ப் பணி

நம் மக்களிடையே பத்திரிகை நடத்தும் முயற்சி அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 'சூரியோதயம்', 'பஞ்சமன்', 1885-இல் தோன்றிய 'திராவிட பாண்டியன்' ஆகியவை முன்னோடிகள். அவ்வழியில் 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். முதலில் அது நான்கு பக்கங்கள் கொண்ட மாத இதழ். விலை இரண்டு அணா. அச்சுக்கும் விளம்பரத்துக்குமாக அவர் செலவிட்ட தொகை பத்து ரூபாய். சென்னையில் இரண்டே நாட்களில் நானூறு படிகள் விற்றுத் தீர்ந்தன. மூன்று திங்களுக்குப் பின் அது வார இதழாயிற்று. இரண்டு ஆண்டுகளில் தனக்கென ஓர் அச்சுக்கூடமும் பெற்றது.

இப்பெயரை ஏன் சூட்டினார்? இகழ்ச்சிச் சொல்லாகப் பிறர் வழங்கியதைத் தாமே ஏற்பதா என நம்மவருள்ளும் சிலர் மனம் வருந்தினர். சீனிவாசனாரின் எண்ணம் வேறாக இருந்தது. தன்னை இன்னார் என்று அறிவித்துக்கொள்ள நாணுபவன் தனக்குரிய உரிமையைக் கேட்டுப் பெற இயலாது என அவர் கருதினார். பெயரை மறைத்து வாழ்பவன் தனியொருவனாகத் தப்பிப் பிழைக்கலாம். சமுதாயம் பிழைப்பதற்கு வழியில்லை. அவருடைய நெருங்கிய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் இதில் மாறுபட்டார். அப்பெயரை விலக்கி, நம்மை இம்மண்ணின் பூர்வத் தமிழர் எனக் கொள்ளுதல் வேண்டும் என வாதிட்டார். 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் அக்கொள்கை வழி நின்றது. இருவரும் வேறுபட்டனர்; ஆயினும் இருவர் நோக்கமும் நம் விடுதலையே. ஒரே சமுதாயத்துள் இரு கருத்துகள் அச்சேறி வழக்காடியதை அச்சமுதாயம் சிந்திக்கத் தொடங்கியதன் அடையாளமாகவே நாம் காண்கிறோம்.

எழுத்தறிந்தோர் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில் ஒரு சிற்றிதழால் என்ன பயன் என்று வினவலாம். தாய்மொழிப் பத்திரிகைகள் எழுதுவனவற்றை மொழிபெயர்த்துச் சுருக்கி அரசின் பார்வைக்கு வைக்கும் முறை அந்நாளில் இருந்தது. ஆகவே சேரியில் குடிநீர் இல்லை என்றோ, பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது என்றோ தமிழில் அச்சான வரிகள் கோட்டை வரையில் சென்றன. இதழாசிரியரின் வேலைக்கு இடர்களும் இருந்தன. இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றின் பொருட்டு அவர்மீது வழக்கு தொடரப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இதழைத் தொடங்கப் பத்து ரூபாய் செலவிட்டவர்க்கு நூறு ரூபாய் எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனினும் இதழ் நிற்கவில்லை. ஏழு ஆண்டுகள் நடைபெற்றது.

அரசியல் களத்தில்

இந்திய சிவில் சர்வீசு தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்துதல் வேண்டும் எனக் காங்கிரசு அந்நாளில் கோரிற்று. சீனிவாசனார் அதனை எதிர்த்தார். 1893-இல் சென்னை வெஸ்லி மிஷன் கூடத்தில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இச்செயல் இன்றைய இளைஞர்க்கு வியப்பளிக்கலாம். நாட்டு மக்கள் பதவி பெறுவதைத் தடுப்பதா எனவும் கேட்கலாம். அக்காலத்தில் உயர்கல்வி பெற்றோர் பெரும்பாலும் உயர்சாதியினரே. கிராமத்தில் நம்மை அடக்கி வைத்திருந்த சாதியாதிக்கத்தோடு மாவட்ட அதிகாரமும் சேர்ந்துவிட்டால் நம் மக்களுக்குப் புகலிடமே இராது என்பது அவரது கவலை. முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் சிந்தனை. கவலை மெய்யானது என்பதை மறுத்தல் இயலாது.

1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்து செல்லும் நோக்குடன் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். தாயகம் திரும்பிய பின், 1923 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக விளங்கினார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் எவரும் தடையின்றிச் செல்லலாம் என்னும் உரிமைக்காக 1924-இல் மன்றத்தில் போராடி வெற்றி கண்டார். ஆர். வீரையன் முதலிய உறுப்பினர்களும் அத்துறையில் உழைத்தனர்.

இலண்டனில் 1930-இலும் 1931-இலும் கூடிய வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களின் சார்பாளராக அமர்ந்து, வாக்குரிமையும் சட்டமன்றங்களில் உரிய இடங்களும் கோரினார். 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். மதமாற்றம் பற்றி அண்ணல் 1935-இல் அறிவித்தபோது, வருணத்துக்குப் புறம்பான நாம் இந்து மதத்தினுள் இல்லை. இல்லாத வீட்டைவிட்டு வெளியேறுவது எங்ஙனம் என்னும் கருத்தைத் தயங்காது வெளியிட்டார். மதிப்புக்குரிய தலைவரிடத்தும் மாறுபடும் துணிவு அவருக்கு இருந்தது. 1939-இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டுவது

ஆண்டுதோறும் பள்ளியில் மாணவர் சேர்க்கை நடைபெறும் நாட்களில் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை உரக்கச் சொல்லும் சிறுவன், சாதி எது என்று கேட்டதும் குரலைத் தாழ்த்துகிறான்; அருகில் நிற்போரைக் கடைக்கண்ணால் பார்க்கிறான். முப்பதாண்டுக் கால ஆசிரியப் பணியில் இது குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. மணி அடித்த பின் வகுப்பினுள் நுழைந்த அந்தக் கோயம்புத்தூர் மாணவனே நம் முன் நிற்பதாக அப்போதெல்லாம் நமக்குத் தோன்றும். அச்சிறுவனிடம் குற்றமில்லை, அவனைக் குரல் தாழ்த்தச் செய்த சூழலே குற்றமுடையது. அச்சூழலை மாற்றுவது படித்த நம் இளைஞர் கடமை.

ஆகவே இளைஞர்களே, நாள்தோறும் செய்தித்தாள் படியுங்கள். உங்கள் ஊரில் எக்குறை இருப்பினும், எந்நாளில் எங்கே நிகழ்ந்தது என்பதைத் தெளிவுற எழுதி, உங்கள் பெயரையும் கீழே எழுதுங்கள். நான்கு பக்கக் கையெழுத்து இதழ் ஒன்றையேனும் நம் சங்கப் படிப்பகத்தில் தொடங்கி நடத்துங்கள். நான்கு பக்கங்களில்தான் சீனிவாசனாரும் தொடங்கினார்.