ரோஜர் ஸ்டேனியர்

ரோஜர் யேட் ஸ்டேனியர் (அக்டோபர் 22, 1916 - ஜனவரி 29, 1982) கனடாவில் பிறந்த நுண்ணுயிரியல் அறிஞர் ஆவார். ஒளியைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்களுக்கு அதே ஒளியால் நேரும் தீங்கு பற்றியும், அவை அதிலிருந்து தப்பும் முறை பற்றியும் இவர் செய்த ஆய்வு புகழ் பெற்றது. நீலப்பசும்பாசிகள் பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை என்று நிறுவியவர்களுள் இவர் முதன்மையானவர்.

வாழ்க்கை

இவர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் விக்டோரியா நகரில் பிறந்தார். கலிபோர்னியாவில் உள்ள ஹாப்கின்ஸ் கடலாய்வு நிலையத்தில் கார்னெலிஸ் வான் நீலிடம் பயின்று, 1942 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். 1947 முதல் 1971 வரை பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். தம்முடன் ஆய்வு செய்த ஜெர்மேன் கோஹென்-பசீரை 1956 இல் மணந்தார். டூடொராஃப், அடெல்பர்க் ஆகியோருடன் இணைந்து இவர் எழுதி 1957 இல் வெளியான நுண்ணுயிரியல் பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது.

நிறமி பற்றிய ஆய்வு

ஊதா பாக்டீரியாக்களில் பாக்டீரியோகுளோரோஃபில்லுடன் கரோட்டினாய்டு நிறமிகளும் உள்ளன. இவற்றின் பணி என்ன என்பதை அறிய, நிறமுள்ள கரோட்டினாய்டுகளை உருவாக்க இயலாத ஒரு மரபுபிறழ்ந்த வகையை இவரது குழு ஆராய்ந்தது. நீலப்பச்சை நிறங்கொண்ட அவ்வகை, காற்றில்லாத இடத்தில் ஒளியில் நன்கு வளர்ந்தது. இருளில் காற்றுடனும் வளர்ந்தது. ஆனால் ஒளியும் காற்றும் ஒருசேரக் கிடைத்தபோது மடிந்தது. இயல்பான வகையோ அதே சூழலில் உயிர் பிழைத்தது. இம்முடிவுகள் 1955 இல் வெளியாயின.

ஒளியை ஏற்ற பாக்டீரியோகுளோரோஃபில் அந்த ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கடத்தும்போது தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் உருவாகி செல்லைச் சிதைக்கிறது. கரோட்டினாய்டுகள் அந்த ஆற்றலைத் தாம் ஏற்று வெப்பமாக வெளிவிடுகின்றன. எனவே, ஒளியைச் சேகரிக்க உதவுவதோடு உயிரைக் காப்பதும் இந்நிறமிகளின் பணி என்பது தெளிவாயிற்று.

இது கண்ணுக்குப் புலனாகும் ஒளியால் விளையும் தீங்காகும். புற ஊதாக் கதிர்கள் டி.என்.ஏ.வை நேரடியாகவும் தாக்கி, அடுத்தடுத்துள்ள தைமின்களைப் பிணைத்து விடுகின்றன. ஃபோட்டோலையேஸ் என்னும் நொதி, நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டு அப்பிணைப்பை நீக்குகிறது. நீலப்பசும்பாசிகள் சிலவற்றின் உறையில் உள்ள சைட்டோனெமின் என்னும் நிறமி புற ஊதாக் கதிர்களை உட்கவர்ந்து தடுக்கிறது.

நீலப்பசும்பாசிகள்

1962 இல் ஸ்டேனியரும் வான் நீலும் பாக்டீரியா என்பதன் வரையறை குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். உண்மையான உட்கரு இல்லாத செல்லமைப்பின் அடிப்படையில் பாக்டீரியாக்களும் நீலப்பசும்பாசிகளும் ஒரே பிரிவில் அடங்கும் என்று அதில் விளக்கினர். தாவரவியலாளர்கள் நெடுங்காலம் பாசிகளாகக் கருதிய இவ்வுயிரிகள் பின்னர் சயனோபாக்டீரியா என்று அழைக்கப்பட்டன.

1971 இல் இவர் பாரிசில் உள்ள பாஸ்டர் ஆய்வகத்தில் சேர்ந்தார். இவரது குழு சேகரித்த தூய வளர்ப்புகள் அங்குள்ள சயனோபாக்டீரியா சேகரிப்புக்கு அடித்தளமாயின. அவற்றுள் ஒன்றான சினெகோசிஸ்டிஸ் பி.சி.சி. 6803 இன் மரபணுத்தொகை 1996 இல் முழுமையாக வெளியிடப்பட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரிகளுள் மரபணுத்தொகை முழுமையாக அறியப்பட்ட முதல் உயிரி இதுவே.

சிறப்புகள்

ஸ்டேனியர் 1978 இல் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981 இல் லீவன்ஹுக் பதக்கம் பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டு பிரான்சில் காலமானார்.