ஒரு புள்ளியில் நழுவிய பட்டம்

ஐந்து ஓட்டங்களில் கலந்துகொண்டு ஐந்திலும் முதலாவதாக வந்தவருக்கு மூன்றாம் இடம் கொடுத்தால் எப்படி இருக்கும்? 1936 செப்டம்பரில், லண்டன் வெம்பிளி அரங்கில், புளூயி வில்கின்சனுக்கு அதுதான் நடந்தது. ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதல் உலக வெற்றியாளர் போட்டி அது.

ஸ்பீட்வே நம் பக்கம் அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. நீள்வட்டப் பாதையில் நால்வர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். வண்டிக்கு பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றித் திருப்ப வேண்டும். ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும். முதலாவதாக வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1.

வில்கின்சன் 1911இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மில்தோர்ப் என்ற சிற்றூரில் பிறந்தார், வளர்ந்தது பாத்தர்ஸ்டில். இயற்பெயர் ஆர்தர் ஜார்ஜ். முடி சிவப்பாக இருந்ததால் ‘புளூயி’ ஆனார். செம்பட்டை முடிக்காரரை ‘நீலம்’ என்று கூப்பிடுவது ஆஸ்திரேலியர்களின் குறும்பு! பதின்ம வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், 1929 முதல் கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வே குழுவுக்கு ஓட்டினார். காற்பந்துக் குழு அல்ல, அது வேறு.

அந்த 1936 இரவில் அவர் எடுத்தது 15 புள்ளி. அதற்கு மேல் எடுக்கவே முடியாது. ஆனால் முந்தைய சுற்றுகளில் சேர்த்த போனஸ் புள்ளிகளையும் கூட்டினார்கள். அவரிடம் இருந்த போனஸ் 10 மட்டுமே, மொத்தம் 25. சக ஆஸ்திரேலியர் லயனல் வான் பிராக்கும் இங்கிலாந்தின் எரிக் லாங்டனும் தலா 26. இருவருக்கும் மறு ஓட்டம் வைத்தார்கள்; வான் பிராக் பட்டத்தை வென்றார். இடுபணியில் கோட்டை விட்டுவிட்டு இறுதித் தேர்வில் முழுப் புள்ளி வாங்கிய மாணவர்களுக்கு இந்த வலி புரியும். விதி முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் அன்று யாராலும் தோற்கடிக்க முடியாதவர் அவர் என்பதை எந்தக் கணக்கும் மாற்றிவிடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு முதல் மூன்று இடங்களையும் அமெரிக்கர்கள் அள்ளிச் சென்றார்கள். 1938 இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு, வில்கின்சன் வேறொரு பந்தயத்தில் விழுந்து தோளில் அடிபட்டுக்கொண்டார். கட்டுப் போட்ட தோளோடு வெம்பிளிக்கு வந்தார். போனஸ் முறை அப்போதும் இருந்தது. முடிவில் அவருக்கு 22 புள்ளி, நடப்பு வெற்றியாளர் ஜேக் மில்னுக்கு 21. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த ஒரு புள்ளியில் நழுவியதோ, அதே ஒரு புள்ளியில் பட்டம் கிடைத்தது.

உச்சத்தில் இருக்கும்போதே போதும் என்று பந்தயத்தை நிறுத்திக்கொண்டார். 1939இல் ஷெஃபீல்டில் ஸ்பீட்வே போட்டிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டே போர் மூண்டது. உலகப் போட்டி ரத்தானது. ஊர் திரும்பிய வில்கின்சன், 1940 ஜூலையில் சிட்னியில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது சாலை விபத்தில் இறந்தார். வயது 28.

உலகப் போட்டி மறுபடியும் தொடங்கியது 1949இல். அப்போது போனஸ் புள்ளி முறையை எடுத்துவிட்டிருந்தார்கள்.